நுரையீரல் நோயாளிக்கு வீட்டில் வலுப் பயிற்சி: நாற்காலியா, எடையா, ரப்பர் பட்டையா?

"மூச்சு பெறவுதான்யா வாங்குது, காலுதான் முதல்ல நின்னு போவுது" என்று அம்மா சொன்னபோது, அதை வயதின் அலுப்பு என்றே எடுத்துக்கொண்டேன். அவருக்கு வயது 64, எடை 44 கிலோ. பீடி, சிகரெட் எதையும் தொட்டறியாதவர். ஆனால் திருமணமாகி வந்த நாள் முதல் எரிவாயு இணைப்பு கிடைக்கும்வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, சன்னல் இல்லாத அடுப்படியில் முள்விறகுப் புகையில் நின்று சமைத்தவர். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில், முதல் நொடியில் அவர் வெளியேற்றிய காற்று, அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படும் அளவில் 46 விழுக்காடுதான் இருந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, என்று சீட்டில் எழுதி, இன்ஹேலர் கொடுத்து, "தினமும் நடங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். தெருமுனையைத் தாண்டுவதற்குள் கால் துவண்டு உட்கார இடம் தேடுகிறவருக்கு அந்த அறிவுரை மட்டும் போதவில்லை. கால் வலுவைக் கூட்ட வீட்டிலேயே என்ன செய்யலாம், எதற்குப் பணம் செலவிடலாம், எதற்கு வேண்டாம் என்று ஓர் இயன்முறை மருத்துவருடன் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். அந்த ஒப்பீட்டையே இங்கே எழுதுகிறேன். மற்றவர்களுக்கு முடிவு எங்கெங்கே மாறக்கூடும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

அம்மா சொன்னது அலுப்பன்று என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் சிஓபிடி நோயாளிகளை அளந்து 2010-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குத் தொடையின் முன்தசை வலுவிழந்திருந்தது. நோய் இன்னும் முற்றாத நிலையில் இருந்தவர்களிடமும் இந்தக் குறை கணிசமாகக் காணப்பட்டது. காரணம் ஒன்றல்ல. மூச்சு வாங்கும் என்று அஞ்சி நோயாளி நடமாடுவதைக் குறைக்கிறார்; பயன்படாத தசை மெலிகிறது; மெலிந்த தசை சிறு வேலைக்கும் விரைவில் சோர்ந்து, முன்னிலும் அதிகமாக மூச்சு வாங்க வைக்கிறது. இதனுடன் உடலில் நீடிக்கும் அழற்சி, நோய் திடீரென்று கடுமையாகும்போதெல்லாம் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரை, பசியின்மை ஆகியவையும் சேர்கின்றன. நெடுநேரம் களைப்பின்றி உழைக்கும் வகைத் தசைநார்கள் குறைந்து, சட்டென்று சோர்ந்துவிடும் வகை மிகுவதும் இந்நோயில் நன்கு அறியப்பட்ட மாற்றமே. நுரையீரலில் ஏற்பட்ட சேதத்தைப் பயிற்சியால் சரிசெய்ய இயலாது. தசையைத் திரும்பப் பெற இயலும்.

வலுப் பயிற்சி இந்நோயாளிகளுக்குப் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடைப்புள்ள நுரையீரலிலிருந்து காற்று மெதுவாகத்தான் வெளியேறும். வேகமாக நடக்கும்போதோ சைக்கிள் மிதிக்கும்போதோ மூச்சின் வேகம் கூடுவதால், உள்ளே போன காற்று முழுதும் வெளியேறும் முன் அடுத்த மூச்சை இழுக்க நேர்கிறது. மார்பு காற்றால் நிறைந்து அடைபட்டுப்போகிறது. அந்த நேரத்து மூச்சுத் திணறலை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். வலுப் பயிற்சியில் ஒரு நேரத்தில் சில தசைகளே வேலை செய்கின்றன. பத்து முறை செய்தபின் இரண்டு நிமிடம் ஓய்வும் கிடைக்கிறது. ஆகவே நுரையீரலின் மீது விழும் சுமை குறைவு. தசையின் மீதோ போதிய சுமை விழுகிறது.

மருத்துவமனையா, வீடா

முதலில் முடிவு செய்ய வேண்டியது கருவியை அன்று, இடத்தை. நுரையீரல் புனர்வாழ்வுப் பயிற்சி என்ற பெயரில், நடை, வலுப் பயிற்சி, மூச்சுப் பழக்கம், நோய் பற்றிய விளக்கம் அனைத்தையும் சேர்த்து, கண்காணிப்புடன் வாரம் இரண்டு மூன்று நாள் வீதம் ஆறு முதல் எட்டு வாரம்வரை நடத்துகிறார்கள். இதன் பயன் குறித்து ஐயமில்லை. 65 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, இப்பயிற்சி மூச்சிரைப்பையும் களைப்பையும் குறைத்து வாழ்க்கைத் தரத்தை உயர்த்துகிறது என்று உறுதிசெய்தது. பக்கத்தில் இப்படியொரு மையம் இருந்து, வாரம் இருமுறை போய்வரவும் முடியுமானால், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதையே தேர்ந்தெடுக்கலாம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

எங்கள் வீட்டிலிருந்து அப்படியொரு மையத்துக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும். பேருந்துப் படியில் ஏறுவதே அம்மாவுக்குப் பயிற்சியைவிடப் பெரிய வேலை. காலையில் புறப்பட்டால் திரும்பப் பிற்பகலாகும்; உடன் செல்பவருக்கு ஒருநாள் கூலி போய்விடும். இது எங்களுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. ஆஸ்திரேலியாவில் 166 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மையத்திலும் மற்றப் பிரிவினரை வீட்டிலும் எட்டு வாரம் பயிற்சி செய்யவைத்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டுப் பிரிவினருக்குக் கிடைத்தது பயிற்சியாளரின் ஒரேயொரு நேர்வருகையும், பிறகு வாரம் ஒரு தொலைபேசி அழைப்புமே. கருவிகளும் வீட்டில் இருந்த நாற்காலி, படி, தண்ணீர் பாட்டில் போன்றவைதாம். எட்டு வார முடிவில், ஆறு நிமிடத்தில் நடக்க முடிந்த தூரத்தில் வீட்டுப் பிரிவினர் பின்தங்கவில்லை. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பயிற்சியை நிறைவு செய்தனர். மையத்துக்குப் போகவேண்டியிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே நிறைவு செய்தனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இரு பிரிவிலும் கிடைத்த பலன் பெரிதும் கரைந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே ஒப்பிடும்போது, எட்டு வாரத்துக்குப் பிறகும் ஆள் எதைத் தொடர்ந்து செய்வார் என்ற கேள்வியைத்தான் நான் முன்னே வைத்தேன்.

ஆனாலும் வீடு என்று முடிவெடுத்தவர்களும் ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் பெறுவதையும், இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் முதல் பாடத்தைக் கற்றுக்கொள்வதையும் தவிர்க்கக் கூடாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி அடங்காதவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கண்புரை அறுவை செய்து சில வாரமே ஆனவர்கள், ஸ்டீராய்டால் எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்கியவர்கள் ஆகியோர் தாமாகத் தொடங்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் ஏற்பாடும் உண்டு. நுரையீரல் நோயாளியின் பயிற்சிக்கு அது பயன்படுமா என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்ப்பதில் இழப்பு ஏதுமில்லை.

நாற்காலியும் வாசற்படியும்

உடல் எடையையே சுமையாகக் கொள்ளும் வழி இது. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, வாசற்படியில் ஏறி இறங்குவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, சுவரில் கை ஊன்றி முன்சாய்ந்து தள்ளி நிமிர்வது: இவ்வளவுதான். செலவில்லை என்பதால் இதை ஏழைகளின் மாற்று வழி என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 44 கிலோ எடையுள்ள ஒருவர் நாற்காலியிலிருந்து எழும்போது, அவருடைய தொடைகள் உடலின் பெரும்பகுதியைத் தூக்குகின்றன. கடையில் வாங்கும் எந்தக் கணுக்கால் எடைப்பட்டையும் அந்தச் சுமைக்கு அருகில்கூட வராது. அதோடு, கழிப்பறையிலிருந்து எழுவது, பேருந்தில் ஏறுவது, தரையில் உட்கார்ந்து எழுவது என்று அன்றாடம் தடுமாறும் வேலைகளும் இதே அசைவுகள்தாம்.

உடல் எடையைக் கூட்டவும் குறைக்கவும் முடியாதே என்பது இதன்மீது வைக்கப்படும் குறை. அதற்கு இயன்முறை மருத்துவர் காட்டிய வழி எளிமையானது. முதல் நாள் அம்மாவால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. ஒரு சமுக்காளத்தை நான்காக மடித்து நாற்காலியில் போட்டார். உட்காரும் உயரம் சற்று ஏறியது. கையைக் கட்டிக்கொண்டு ஆறு முறை எழுந்துவிட்டார். உயரம் கூடினால் சுமை குறையும், குறைந்தால் சுமை கூடும். மூன்றாம் வாரம் மடிப்பு ஒன்று குறைந்தது. ஏழாம் வாரம் சமுக்காளமே வெளியேறியது. அதன்பின், எழுவதைவிட அமர்வதை மெதுவாக, மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை இறங்கிச் செய்வது அடுத்த படி. அதுவும் எளிதாகிவிட்டால் இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம்.

நாற்காலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டில் பெரும்பாலும் இருப்பது ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாற்காலி. வழவழப்பான தரையில் அது பின்னோக்கி நழுவும். வெயிலில் கிடந்து வெளுத்துப்போனதாக இருந்தால் கால் திடீரென்று மடியும். எங்கள் வீட்டு நாற்காலி முதல் வாரத்திலேயே ஒரு முறை நழுவியது. பக்கத்தில் நான் நின்றதால் விபத்தாகவில்லை. மரமோ இரும்போ ஆன, அசையாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுச் செய்வதே சரி. உட்காரும் பலகை தரையிலிருந்து 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே சொல்லும் அளவீட்டுக்கும் அதுவே பயன்படும்.

இவ்வழியின் மிகப் பெரிய வசதி, பயிற்சியே பரிசோதனையாகவும் அமைவது. கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து அமர எத்தனை நொடி ஆகிறது என்று கைப்பேசியில் பார்த்தால் போதும். சிஓபிடி நோயாளிகளிடம் இந்த நேரம் 1.7 நொடி அளவுக்குக் குறைந்தால், அது தற்செயலான ஏற்ற இறக்கமன்று, நோயாளிக்கே தெரியக்கூடிய முன்னேற்றம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணும் சோதனையில், மூன்று முறை கூடினால் அது பொருட்படுத்தத்தக்க மாற்றம்.

குறையும் உண்டு. கால்களுக்குக் கிடைக்கும் அளவுக்குக் கைகளுக்கும் தோளுக்கும் இதில் வேலை கிடைப்பதில்லை. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு எழுந்து அமர்வதே வலியைத் தரலாம். அவர்கள் இருக்கையின் உயரத்தைக் கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அடுத்த வழிக்குப் போக வேண்டும். உடல் பருத்தவர்களுக்குத் தொடக்கச் சுமையே மிகையாகிவிடும்.

எடை

இரண்டாவது வழி, கையிலோ காலிலோ எடையைத் தூக்குவது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ, அரை லிட்டர் அரைக் கிலோ என்று அளவு தெளிவாகத் தெரிவதும், அரைக்கால் அளவாகக்கூடக் கூட்டிக்கொள்ள முடிவதும் இதன் சிறப்பு. அதே ஒரு லிட்டர் பாட்டிலில் காய்ந்த ஆற்றுமணலை நிரப்பினால் எடை ஒன்றரைக் கிலோ அளவுக்கு வரும். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, பாட்டிலின் மேலே பேனாவால் எழுதிவைத்துக்கொள்ளலாம். டம்பெல் வாங்குவதில் தவறில்லை. ஆனால் விரல் மூட்டு வலி உள்ள முதியவர்களுக்கு வழுக்கும் இரும்புப் பிடியைவிட, துணிப்பையில் போட்ட எடையைத் தோளிலோ முன்கையிலோ மாட்டுவது எளிது. கணுக்காலில் கட்ட, பழைய சேலைத் துணியில் நீளப் பை தைத்து, ஒரு கிலோ மணலை நிரப்பி, கயிறு வைத்துக் கட்டினோம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து முழங்காலை நீட்டி மடக்கும் பயிற்சிக்கு அது போதும். மூட்டு வலியுள்ளவர்களுக்கு, உடல் எடை முழுதும் விழாத இந்தப் பயிற்சி நாற்காலிப் பயிற்சியைவிட இதமானது.

கைப் பயிற்சியில்தான் கவனம் அதிகம் வேண்டும். தோள், கழுத்துத் தசைகளில் சில, நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சிழுக்கவும் துணை நிற்பவை. மூச்சு வாங்கும்போது அவர்கள் குனிந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொள்வது, அத்தசைகளை முழுதும் மூச்சுக்கே ஒப்படைப்பதற்காகத்தான். கையை மேலே தூக்கினால் அதே தசைகள் கையைத் தாங்கப் போய்விடுகின்றன. அம்மா கொண்டை போடும்போதும், கொடியில் துணி உலர்த்தும்போதும், மேல்தட்டுச் சம்படத்தை எடுக்கும்போதும் நடுவில் நிறுத்திச் சுவரைப் பிடித்துக்கொள்வதன் காரணம் இதுதான். ஆகவே காலுக்கு ஒரு கிலோ என்றால் கைக்கு அரைக் கிலோவில் தொடங்குவதும், தலைக்கு மேலே தூக்குவதற்கு முன் முழங்கையை மடக்குவது, தோள் உயரம்வரை தூக்குவது என்று படிப்படியாகப் போவதும் நல்லது. கைப் பயிற்சியை விட்டுவிடலாம் என்பது பொருளன்று. கொண்டை போடுவது எளிதாக வேண்டுமானால் அதைத்தான் பழக வேண்டும்.

இவ்வழியின் பலவீனம், காலுக்குப் போதிய சுமை விரைவில் எட்டாமல் போவது. மூன்று நான்கு கிலோவுக்கு மேல் கணுக்காலில் கட்டுவது அசௌகரியம். அதற்குமேல் தசைக்கு வேலை தர நாற்காலிக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

ரப்பர் பட்டை

தெராபேண்ட் என்று இயன்முறை மருத்துவர்கள் சொல்லும் நீண்ட ரப்பர் பட்டைதான், வீட்டுப் பயிற்சி பற்றிய ஆய்வுகளில் அதிகம் காணப்படும் கருவி. மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று நிறத்துக்கு ஏற்ப இறுக்கம் கூடும். மடித்தால் சட்டைப் பையில் அடங்கும். மகள் வீட்டுக்குப் போனாலும் எடுத்துப் போகலாம். காலில் மாட்டித் தள்ளலாம், சன்னல் கம்பியில் கட்டிப் பின்னோக்கி இழுக்கலாம், இரு கையாலும் மார்புக்கு முன் விரிக்கலாம். பெரும்பாலானவற்றை உட்கார்ந்தபடியே செய்ய முடிவது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் இந்நோயாளிகளுக்குப் பெரிய வசதி.

ஆனால் சுமை எவ்வளவு என்று சொல்வது கடினம். பட்டையின் இழுவிசை, எவ்வளவு நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரே பட்டையை ஒரு முழம் குறைத்துப் பிடித்தால் சுமை ஏறும், விட்டுப் பிடித்தால் இறங்கும். நிறத்தின் அளவும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒன்றின் பச்சை இன்னொன்றின் சிவப்பாக இருக்கக்கூடும். பிடிக்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுவைத்தால் இந்தக் குழப்பம் ஓரளவு தீரும். அம்மாவுக்கு இதில் இன்னொரு தடை இருந்தது: பட்டை சட்டென்று சுருங்கி முகத்தில் அடிக்குமோ என்ற அச்சம். அது வீணான அச்சமன்று. கட்டிய முடிச்சு நழுவினால் கண்ணில் படலாம். நாங்கள் முதலில் வாங்கிய பட்டையைச் சன்னல் கம்பியிலேயே விட்டுவைத்தோம். வெயில் பட்டு இரண்டு மாதத்தில் பிசுபிசுத்து, ஓரத்தில் மயிர்க்கோடாக வெடித்திருந்தது. இரண்டாவது பட்டை, டப்பாவில் இருட்டில் இருக்கிறது. இரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் லேட்டக்ஸ் இல்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆய்வுகள் சொல்வதையும் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பகுதி வீட்டிலேயே, ரப்பர் பட்டையால் 12 வாரம் படிப்படியாகச் சுமை கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு, முழங்காலை நீட்டும் தசையின் வலு குறுகிய காலத்தில் கூடியது. சுவிட்சர்லாந்தில் நாற்காலியையும் ரப்பர் பட்டையையும் மட்டும் வைத்து, நாளுக்கு ஏறத்தாழ 20 நிமிடம், ஓராண்டு முழுதும் வீட்டில் பயிற்சி செய்யவைத்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிமிடத்தில் எழுந்து அமரும் எண்ணிக்கை கூடியது. ஆனால் நோயாளிகள் உணரும் மூச்சிரைப்பில் வேறுபாடு தென்படவில்லை. இந்த இரண்டாவது முடிவை நான் மிகுந்த மதிப்புடன் பார்க்கிறேன். வலுப் பயிற்சியிடம் மூச்சிரைப்பைப் போக்கச் சொல்லிக் கேட்பவர்கள் ஏமாறுவார்கள். எழவும் ஏறவும் தூக்கவும் வலு கேட்பவர்களுக்கு அது கொடுக்கும். மூச்சிரைப்புக்கு நடையும் சேர்ந்தே வேண்டும். ஆகவே அம்மாவின் திட்டத்தில் வாரம் மூன்று நாள் வலுப் பயிற்சியும், மற்ற நாட்களில் நின்று நின்றாவது நடையும் இருக்கின்றன.

கடைகளில் விற்கும் வேறு சிலவற்றையும் தெரிந்தவர்கள் பரிந்துரைத்தார்கள். இழுக்கும் மூச்சுக்குத் தடை கொடுத்து மூச்சுத் தசையைப் பழக்கும் சிறு கருவி, பொதுப் பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் கூடுதல் பயன் பெரிதாகத் தருவதில்லை என்பதே தொகுப்பாய்வுகளின் போக்கு. முதல் செலவாக அது வேண்டாம். மின்தூண்டலால் தசையைச் சுருக்கும் கருவி, கட்டிலை விட்டு எழ முடியாத அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் உதவக்கூடியது. நடமாடுகிறவர்களுக்கு அதனால் வேலையில்லை.

எந்த வழியானாலும் பொதுவான அளவு

கருவி எதுவானாலும் அளவு ஒன்றுதான். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு விட்டு, ஒவ்வொரு பயிற்சியையும் 8 முதல் 12 முறை செய்வது ஒரு சுற்று. ஒன்று முதல் மூன்று சுற்றுவரை. பன்னிரண்டாவது முறை செய்யும்போது தசை உண்மையிலேயே தளர வேண்டும். இருபது முறை சிரமமின்றிச் செய்ய முடிகிற எடை வலுவைக் கூட்டாது. தொடர்ந்து இரண்டு பயிற்சி நாளில், கடைசிச் சுற்றில் இன்னும் இரண்டு எண்ணிக்கை கூடச் செய்ய முடிந்தால், அடுத்த முறை சுமையைச் சிறிது கூட்டலாம். பூச்சியத்திலிருந்து பத்துவரை மதிப்பிட்டால், களைப்பும் மூச்சிரைப்பும் நான்குக்கும் ஆறுக்கும் இடையே இருப்பது சரி.

மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவதே இதில் பெரிய தவறு. எழும்போதும் தூக்கும்போதும் உதடு குவித்து, அடுப்பு ஊதுவதைப் போல, மெல்ல வெளிவிட வேண்டும். அமரும்போதும் இறக்கும்போதும் மூக்கால் இழுக்க வேண்டும். அம்மாவுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. எந்தக் குழலை ஊதி நுரையீரலைக் கெடுத்துக்கொண்டாரோ அந்தப் பழக்கமே இங்கே கைகொடுத்தது. உடனடியாக மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரை மருத்துவர் சொன்னபடி பயிற்சிக்குப் பதினைந்து நிமிடம் முன்பே எடுத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது. வயிறு நிறைந்திருந்தால் உதரவிதானம் இறங்க இடமிருக்காது. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர் பெரும்பாலான வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. அதை எடுத்துப் பயிற்சியின் நடுவில் பார்க்கலாம். பொதுவாக 88 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நிறுத்தி ஓய்வெடுப்பது வழக்கம். ஆனால் தம் நோயாளிக்கு எந்த எண் எல்லை என்பதை மருத்துவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். குறிப்பாக நுரையீரல் இறுகிச் சுருங்கும் நார்ப்பெருக்க நோயில் ஆக்சிஜன் சிஓபிடியைவிட விரைவாக இறங்கும். காசநோய் ஆறியபின் நுரையீரல் சேதமடைந்தவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்கிறவர்கள் பயிற்சியின்போதும் அதைக் கழற்றாமல், மருத்துவர் சொன்ன அளவிலேயே வைத்துக்கொண்டு, குழாய் காலில் தட்டாதபடி பின்னால் போட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் அன்றைய பயிற்சி அதோடு நின்றுவிட வேண்டும்.

சோறும் கஞ்சியும் மட்டும் தின்றுகொண்டு எடை தூக்கினால் தசை ஏறாது. 44 கிலோவுக்கு மேல் எடை ஏறவேண்டியவருக்கு முட்டையோ மீனோ பருப்போ சுண்டலோ ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சமாவது வேண்டும்.

எங்கள் முடிவு

கால்களுக்கு நாற்காலி, கைகளுக்கு அளந்து எழுதிய பாட்டில் என்று முதல் பத்து வாரத்துக்கு முடிவு செய்தோம். ரப்பர் பட்டையை அதற்குப் பிறகு, பாட்டிலால் செய்ய முடியாத, பின்னோக்கி இழுக்கும் பயிற்சிக்காக மட்டும் சேர்த்தோம். பட்டை மட்டமானது என்பதனாலன்று. முதல் சில வாரங்களில் அம்மாவுக்கு வேண்டியிருந்தது, சுமை இவ்வளவு, நேற்றைவிட இவ்வளவு கூடுதல் என்று தாமே பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு வழி. முழங்கால் வலியுள்ளவராக இருந்திருந்தால் கணுக்கால் எடையையும் பட்டையையும் முன்னே வைத்திருப்பேன். அடிக்கடி ஊர் மாறுகிறவராக இருந்தால் பட்டையைத்தான் வாங்கித் தந்திருப்பேன். உடுத்தும்போதே மூச்சு வாங்குகிற அளவுக்கு நோய் முற்றியவராக இருந்தால், எத்தனை பேருந்து மாறினாலும் முதல் சில அமர்வுகளையாவது மருத்துவமனையிலேயே செய்யவைத்திருப்பேன்.

நடுவில் ஒருமுறை, மார்கழிப் பனியில் சளி கட்டி, ஐந்து நாள் மருத்துவமனையில் படுத்தார். ஐந்து முறை எழுந்து அமர அதற்கு முன் 15 நொடியாகக் குறைந்திருந்த நேரம், வீடு திரும்பியபோது 21 நொடியாகக் கூடியிருந்தது. சில நாள் படுக்கையே இவ்வளவைப் பறித்துவிடும் என்பது இந்நோயில் எதிர்பார்க்க வேண்டியதே. வீடு திரும்பிய நான்கு வாரத்துக்குள் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் வற்புறுத்துவதும் இதனால்தான். விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. பெட்டியில் வைத்த சமுக்காளத்தை எடுத்து, மறுபடியும் நான்காக மடித்து, நாற்காலியில் போட்டோம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மடிப்பு போதும்யா" என்றார். இரண்டு மடிப்பில் எட்டு முறை எழ முடியவில்லை, மூன்றாக்கினோம்.